நாடாவுக்குள்ளேயே நடங்க

பால் வாங்க வந்த ஜகதாம்பாளை நோயல் தன் கடை வாசலில் கை நீட்டித் தடுத்த அன்று காலையில்தான் பெர்னதெத்துக்கு மறுபடி அந்தப் பயம் வந்தது.

"அங்கேயே நில்லுங்கம்மா. காலை முன்னால வைக்காதீங்க," என்றார் நோயல். குரலை உயர்த்தவில்லை.

ஜகதாம்பாள் தெருக்கோடி வீட்டுக்காரி, எழுபதைத் தாண்டியவள். "என்னப்பா, கழுவி விட்டிருக்கியா? வழுக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். நோயல் வாசல் சிமெண்டுத் தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை காய்ந்துதான் கிடந்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெர்னதெத், கணவரின் நெற்றியில் வேர்வை பூத்திருப்பதைப் பார்த்தாள். டிசம்பர் மாதம். ஜீவனஹள்ளி வட்டாரமே ஸ்வெட்டரும் குல்லாயுமாக நடமாடுகிற நேரம்.

அவளே வெளியே வந்து பால் பாக்கெட்டை ஜகதாம்பாள் கையில் கொடுத்து, "ராத்திரி தூக்கம் இல்லீங்க அவருக்கு," என்று சமாளித்து அனுப்பினாள். அப்புறம் அன்று முழுக்க அவளுக்குச் சில்லறை சரியாக எண்ண வரவில்லை. அந்த முகத்தை அவள் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

நோயலை அந்தத் தெரு மிலிட்டரி அங்கிள் என்றே அழைத்தது. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அப்பா பெயிண்டர். பதினெட்டு வயதில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர் முகாமின் வாசலில் வரிசையில் நின்று பட்டாளத்தில் சேர்ந்தவர். சாப்பர் என்றால் பாலம் கட்டுகிறவன், பாதை போடுகிறவன், கண்ணிவெடி புதைக்கிறவன், புதைத்ததைத் திரும்ப எடுக்கிறவன். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, வீட்டின் முன்னறையை இடித்துக் கடையாக்கி, 'சாப்பர் ஸ்டோர்ஸ்' என்று பலகை மாட்டினார். பெயிண்ட் காயும் முன்னாலேயே பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனார்கள் நாலு பேர் வந்து, சாப்பர் என்பதைச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக்கொண்டு, சாப்பாடு எப்போது ஆகும் என்று கேட்டார்கள். நோயல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய், வீட்டுக்கு ஆக்கிய சோற்றையே நாலு தட்டில் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அன்று பெர்னதெத்துக்குப் பிரெட்தான்.

அவரைத் தெரு நேசித்ததற்குக் காரணம் கடையில் இருந்த சரக்கு இல்லை. தமிழ், கன்னடம், இந்தி, தக்கனி உருது என்று வருகிறவர் பாஷையிலேயே பேசுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிகரெட் கேட்டால் தர மாட்டார். வீட்டிலும் போய்ச் சொல்ல மாட்டார். கொரோனா அடைப்பின்போது, நோய் கண்ட வீடுகளின் வாசலுக்கு அரிசியும் பருப்பும் சுமந்துகொண்டு போய், கதவைத் தட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்து முகம் காட்டினால்தான் நகருவார். ஒரு மழை நாளில் மின்கம்பி அறுந்து தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் விழுந்தது. லைன்மேன் வரும்வரை, கொட்டுகிற மழையில், அந்தத் தண்ணீருக்கு முன்னால் குறுக்கே நின்று வருகிறவர்களையெல்லாம் சுற்றிப் போக வைத்தார். கிட்டத்தட்ட சாயங்காலம் பூராவும். "மிலிட்டரி அங்கிளுக்கு பயான்னா என்னான்னே தெரியாது," என்று எதிர்வீட்டு ஆட்டோக்காரன் நாணு கன்னடம் கலந்த தமிழில் எல்லோரிடமும் சொல்வான்.

பெர்னதெத் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். அவளுக்குத்தான் தெரியும். அந்த மழை நாளில் வீட்டுக்குள் வந்ததும் காப்பி டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை; அவள்தான் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

அந்த இன்னொரு முகம் அவள் பார்த்தது, எல்லையில் பதற்றம் கூடி, பாலைவனத்தில் மைல் கணக்கில் கண்ணிவெடி புதைத்து, பிறகு சண்டையே வராமல் அவற்றைத் திரும்ப எடுத்த வருஷம். எடுக்கிற வேலை அவருடைய பட்டாளக் கம்பெனிக்கு வந்தது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு டெலிபோன் மணி அடித்தாலே பெர்னதெத் கைவேலையைப் போட்டுவிட்டு, ஜெபமாலையை எடுக்காமலே, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். லீவில் வந்தவர், வந்த அன்றே வீட்டு வாசற்படியில் கால் வைக்காமல் நின்றார். அவர் கையைப் பிடித்து அவள்தான் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் பச்சையப்பன் என்பவன் வெடியை மிதித்துவிட்டான் என்று மட்டும் சொன்னார். "மணல் நகரும், பெர்னி. நாம வெச்ச எடத்துல அது இருக்காது." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

ஜகதாம்பாளைத் தடுத்த பிறகு ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு சர்க்கரை கேட்டவருக்கு உப்பு கொடுத்தார். மகள் நிக்கோலின் பெயரைத் தேடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நிக்கோல் பிரேசர் டவுனில் இருந்தாள், ஆபீஸ் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழலும், பழையது மேலே வரும் என்றார் டாக்டர். பழையது மேலே வரும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பெர்னதெத் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பழையது என்று டாக்டருக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு காலை, நோயல் கடையில் தொங்கிய பாவாடை நாடாக் கட்டுகளை எல்லாம் பிரித்தார். தெருமுனையிலிருந்து கடை வாசல் வரைக்கும் வெள்ளை நாடாவை இரண்டு பக்கமும் இழுத்து, கல் வைத்து, நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு பாதை விட்டார். எழுந்து நின்று, "நாடாவுக்குள்ளேயே நடங்க. வெளிய இன்னும் கிளியர் ஆகல," என்று அறிவித்தார்.

பெர்னதெத்துக்கு அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பைக்கில் வருகிறவன் சறுக்கி விழுந்தால்? யாராவது சிரித்துவிட்டால் இவர் என்ன செய்வார்? இந்தக் கைகளுக்கு இன்னும் என்னென்ன ஞாபகம் இருக்கும்? அவள் நாடாவைச் சுருட்டக் குனிந்தபோது தெருமுனையில் ஜகதாம்பாள் வந்தாள். நின்றாள். நாடாவைப் பார்த்தாள், நோயலைப் பார்த்தாள். பிறகு செருப்பைச் சரி செய்துகொண்டு, இரண்டு நாடாவுக்கும் நடுவில், அடி மேல் அடி வைத்து நடந்து வந்து, "அரை லிட்டர் குடுப்பா," என்றாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே வந்தார்கள். நாணு தன் ஆட்டோவை அடுத்த சந்தில் நிறுத்த ஆரம்பித்தான். மசூதிப் பக்கத்திலிருந்து வரும் கறிக்கடைக்காரர், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாடாவுக்குள் நடந்தார். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டதாக பெர்னதெத்துக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவளே நாடாவைச் சுருட்டி வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி போடுவார்.

தெரு பழகிக்கொண்டது. அவளுக்குத்தான் பழகவில்லை. பார்சல் கொண்டுவந்த ஓர் இளைஞன் விஷயம் தெரியாமல் நாடாவைத் தாண்டி ஸ்கூட்டரை ஏற்றியபோது, நோயல் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே உருட்டினார். முழங்கை கிழிந்து ரத்தம். அவன் போலீசுக்குப் போகிறேன் என்று கத்தினான். நாணுதான் கன்னடத்தில் ஏதோ சொல்லித் தோளில் கை போட்டு அழைத்துப் போனான். இன்னொரு நாள், அடுப்படியில் நின்ற பெர்னதெத்தையே பின்னாலிருந்து பிடித்துச் சுவரோரம் தள்ளினார். தோள்பட்டை நீலம் பாரித்தது.

நிக்கோல் அதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, டாடி உன்ன அடிச்சாரா?"

"அடிக்கல. தள்ளுனாரு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இல்லடி. காப்பாத்துறதுக்குத் தள்ளுனாரு."

"ஒரு நல்ல ஹோம் பாத்து வெச்சிருக்கேன். உனக்கு பயமா இல்லையா?"

"இருக்குது," என்றாள் பெர்னதெத். "அவரைப் பாத்து மட்டும் இல்ல. அவர் பாக்குறதைப் பாத்தும்தான். தினம் காலைல எழுந்ததும் எனக்கே தரை மேல கால் வைக்க யோசனையா இருக்குது."

நிக்கோல் முற்றத்துக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, அவருக்கு இட்லி கொடுத்துவிட்டு, பெர்னதெத் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் நாற்காலி காலி. கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. மாட்டியிருந்த இடத்தில் குத்தூசி இல்லை; அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற நீள இரும்பு ஊசி அது. நாடாக் கட்டும் இல்லை.

ஈரத் தலையோடு தெருவில் ஓடினாள். நாணு ஆட்டோவைக் கிளப்பினான். காக்ஸ் டவுன் மார்க்கெட், சர்ச், அல்சூர் போகிற ரோடு என்று எங்கும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பியபோது, கம்பிவேலி ஓரத்தில் ஒரு வெள்ளை நாடா புதரில் மாட்டிக் காற்றில் ஆடியதை நாணுதான் பார்த்தான்.

"ஆன்ட்டி, அல்லி நோடி. அங்க பாருங்க."

வேலி அறுந்த இடம் வழியாக அவர் ஏறியிருந்தார். மேலே தண்டவாளம். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில், ஜல்லிக் கற்கள் மேல், வெள்ளைச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக நோயல் மண்டியிட்டிருந்தார். குத்தூசியைச் சாய்வாகப் பிடித்து ஜல்லிக்குள் மெல்லச் செருகினார், எடுத்தார், ஒரு சாண் நகர்ந்தார், மறுபடி செருகினார்.

பெர்னதெத் மேட்டில் ஏறிப் பாதி தூரத்தில் நின்றாள். "என்னங்க," என்றாள்.

அவர் தலை திரும்பவில்லை. "யாரும் வரக்கூடாது. பின்னால போ."

"வீட்டுக்குப் போலாம், வாங்க."

"போன்னு சொன்னேனே. இது பூரா இருக்குது."

நாணு கீழே வேலியோரம் நின்றுவிட்டான். யாரையோ போனில் கூப்பிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லும்படி அவன் கத்துவது கேட்டது. பையப்பனஹள்ளிப் பக்கம், வளைவுக்கு அந்தண்டை, ரயில் ஊதியது. இன்னும் தூரம்தான். ஓடிப் போய் இழுக்கலாம் என்று நினைத்தாள். இழுத்தால் அவர் அவளைத் தள்ளுவார். எந்தப் பக்கம் தள்ளுவார் என்று யார் கண்டது? அவள் பலத்துக்கு அவரை அசைக்கவும் முடியாது. கூப்பிட்டால் வர மாட்டார். போகச் சொன்னால் போக மாட்டார். இத்தனை வருஷத்தில் எதற்கு இந்த மனுஷர் எழுந்து வந்திருக்கிறார் என்று அவள் மனம் தடவித் தடவிப் பார்த்தது.

அடுத்தவர் ஆபத்துக்குத்தான் வந்திருக்கிறார். வேறு எதற்கும் இல்லை.

"என்னங்க," என்றாள் மறுபடியும். வலது காலை மண்ணில் அழுத்தி ஊன்றினாள். "நான் மிதிச்சிட்டேன்."

நோயலின் கை நின்றது. தலையைத் திருப்பினார். டிசம்பரில் பார்த்த முகம், பாலைவனத்து முகம்.

"எந்தக் கால்?"

"வலது."

"அழுத்து. எடுக்காத. மூச்ச மெதுவா விடு. நான் வரேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் பெர்னதெத்துக்குத் தான் செய்த காரியத்தின் விபரீதம் புரிந்தது. அவர் ஓடி வரப்போவதில்லை. சாப்பர் ஓட மாட்டான். ஒவ்வொரு அடி நிலத்தையும் குத்திப் பார்த்துத்தான் வருவான்.

ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது. ஒரு முழங்கால் நகர்ந்தது. தண்டவாளம் மெல்லிசாக முனக ஆரம்பித்தது. வளைவில் எஞ்சினின் முகம் தெரிந்தது. அது ஊதிக்கொண்டே வந்தது, நிறுத்தாமல். அந்தச் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. சீக்கிரம் என்று கத்த அவளுக்கு நாக்கு எழுந்தது. கத்தினால் அவர் நிற்பார், அவளைப் பதறாதே என்று அதட்டுவார், அந்த நேரமும் போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் அசையலங்க," என்று மட்டும் சொன்னாள். "நீங்க வாங்க. நான் அசையல."

கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கை வந்தது. ஊசி ஜல்லியைக் குத்தியது. தோள் வந்தது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் கம்பி மேல் கிடந்தது. அவர் அடுத்த இடத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனமாக, அவசரமே இல்லாமல். பெர்னதெத் கண்ணை மூடினாள்.

காற்று அவளை அறைந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று போயின. புடவையும் தலைமயிரும் பறந்தன. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில், கடைசிப் பெட்டி போன பிறகும் மூடியே வைத்திருந்தாள்.

செருப்பு ஓரத்தில் விரல்கள் பட்டன.

நோயல் அவள் காலடியில் குப்புறப் படுத்திருந்தார், இரண்டு காலும் கம்பிக்கு இந்தப் பக்கம். செருப்பைச் சுற்றி இருந்த மண்ணை விரல் நுனியால் தள்ளித் தள்ளி எடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் அந்த மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"அசையாதடா பச்சையப்பா. வந்துட்டேன். இங்கதான் இருக்கேன். அம்மாகிட்ட நான் பேசறேன். அசையாத."

அவள் நின்றாள். வெயில் ஏறியது. அவர் ஒரு கூழாங்கல்லைத் தோண்டி எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி, வெகு தூரத்தில் வைப்பதுபோலத் தள்ளி வைத்தார். "எடுத்துட்டேன். இப்ப காலைத் தூக்கு."

பெர்னதெத் காலைத் தூக்கினாள். பிறகு அப்படியே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

அதோடு எல்லாம் சரியாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவில்லை. சில வாரங்கள் அவர் நாடா போடவில்லை. அப்புறம் போட்டார். கோடையில் அதுவும் மறந்தது. கண்ணிவெடியோடு சேர்ந்து கடை, தெரு, நிக்கோல் எல்லாம் கழன்று போனது. அவளை அவர் சில நாள் சிஸ்டர் என்றும், சில நாள் மேடம் என்றும் கூப்பிட்டார். அவர் முகத்தில் பயம் இல்லாமல் போனது. பயமே இல்லாத அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. நிக்கோல் வாரக் கடைசியில் வந்து அம்மாவோடு படுத்துக்கொள்வாள். ஹோம் என்ற பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. ஆடி மழையில் நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் படுத்து, ஒரு மதியம், பெர்னதெத் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நோயல் அடங்கினார்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து சிலர் மெடல் குத்திக்கொண்டு வந்தார்கள். தெருவே வந்தது. ஜகதாம்பாள், கல்பள்ளிக் கல்லறை வரைக்கும் போகக் கூடாது என்று மகன் சொன்னதைக் கேட்காமல், நாணுவின் ஆட்டோவில் ஏறி வந்தாள். கறிக்கடைக்காரர் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, போட்ட கையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

எல்லோரும் கிளம்பின பிறகு நாணு பெர்னதெத் பக்கத்தில் வந்து நின்றான். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு ட்ராக்ல நான் மேல ஏறி வந்திருக்கணும். கால் வரலை. பயந்துட்டேன். நீங்க கல்லாட்டம் நின்னீங்க."

"எனக்கும் வரல, நாணு," என்றாள் பெர்னதெத். "ரயிலு வந்தப்போ ஓடிடலாம்னுதான் பாத்தேன். காலு ரெண்டும் மரத்துப் போச்சு. அதான் நின்னேன்."

அவன் அவளை நம்பாதவன்போலப் பார்த்தான். அவள் நிக்கோல் கையைப் பிடித்துக்கொண்டு, சேறான கல்லறைப் பாதையில் வழுக்கிவிடாமல், மெல்ல வாசலுக்கு நடந்தாள்.

இப்போது கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறாள். ரயில் ஊதும்போது தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள். பருப்பு கேட்டு நிற்கிறவர்கள் அது கடந்து போகும் வரை காத்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர், போர்டைப் பார்த்துவிட்டு, மதியம் மீல்ஸ் உண்டா என்று கேட்கிறார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தட்டு எடுத்து வருகிறாள்.